இடுப்பு உயரத்தில் ஓர் இருக்கை

வேகன் ஆர் வாங்குங்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஆறேழு லட்சம்தான், வீட்டில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருக்கிறார், வாரத்தில் பாதி நாள் சரக்கும் ஏறும், ஊரும் எங்கள் சங்கரன்கோவில் மாதிரி ஊர் என்றால், வேறு வண்டி பார்க்க அலைவதே தண்டச்செலவு. இதை எழுதச் சொல்லி எனக்கு யாரும் ஒரு சாவிக்கொத்துகூடக் கொடுக்கவில்லை. வண்டி வாசலுக்கு வந்ததிலிருந்து யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்து இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் விசைத்தறிக்கு நூல் கொண்டுவருகிற அண்ணாச்சி இப்போதெல்லாம் திண்ணையிலேயே இறக்கிவைத்துவிட்டு, காபி வேண்டாம் என்று ஓடிவிடுகிறார். அதனால்தான் எழுதவாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

அழகான வண்டியா என்றால், இல்லை. "என்ன மதினி, கோவில்பட்டித் தீப்பெட்டிய நட்டக்குத்தலா நிறுத்தி நாலு சக்கரம் மாட்டுனாப்ல இருக்கு" என்றான் என் கொழுந்தன். அவனுக்குப் பதுங்கின மூஞ்சியும் சரிந்த முதுகுமாக இருந்தால்தான் கார். நான் மறுக்கவே இல்லை. அவன் கிண்டலாகச் சொன்ன அந்த நட்டக்குத்தல்தான் இந்த வண்டியின் மொத்த ரகசியமும்.

உயரம் 1,675 மில்லிமீட்டர். இதே விலைக்கு வருகிற மற்ற சிறு கார்களில் பெரும்பாலானவை ஒன்றரை மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். ஒரு சாண் வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கூரை உயர்ந்தால் இருக்கையையும் உயர்த்திவைக்க இடம் கிடைக்கிறது. இருக்கை உயர்ந்தால் உட்காருகிற விதமே மாறிவிடுகிறது. தாழ்ந்த காரில் முதலில் தலையைக் குனிந்து, பிறகு இடுப்பை மடக்கி, கடைசியில் கையை ஊன்றிப் பொத்தென்று விழவேண்டும். எழுந்திருக்கும்போது யாராவது கை கொடுக்கவேண்டும். பெரிய ஜீப் மாதிரி வண்டியில் அதற்கு நேர்மாறு, காலைத் தூக்கி ஏறவேண்டும். வேகன் ஆரில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டால் முடிந்தது.

இது நான் கண்டுபிடித்ததில்லை, என் மாமியார் கண்டுபிடித்தது. கார் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக வீட்டில் இருக்கிற இளந்தாரிகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் பானட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள், பெரிய திரையில் பாட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். பேருந்துப் படி ஏறுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. திருநெல்வேலியில் ஒவ்வொரு ஷோரூமிலும் விற்பனைப் பையன் விலைப்பட்டியலை விரிப்பதற்குள் அத்தை பின்கதவைத் திறந்து உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, "அடுத்த கடைக்குப் போவோம்ளா" என்பார். வேகன் ஆரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "இங்க நெஞ்ச நிமித்தி உக்காரலாம், வெளிய எல்லாந் தெரியுது" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பேசினதெல்லாம் விலைதான்.

கொஞ்சம் பின்னால் போனால், இந்த உயரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜப்பானில் 'கெய்' என்று ஒரு சிறுகார் வகை உண்டு. இன்றைய வரம்பு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி; வரம்பைத் தாண்டினால் வரிச் சலுகை கிடையாது. நீளத்திலும் அகலத்திலும் கை கட்டப்பட்டால் மிச்சம் இருக்கிற ஒரே வழி மேலே போவதுதானே? 1993இல் சுசூகி அப்படி நிமிர்த்திக் கட்டின வண்டிதான் முதல் வேகன் ஆர். இந்தியாவில் நிமிர்ந்த கார் என்ற எண்ணத்தை முதலில் பரவலாக்கியது நம்மூர் வண்டி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் இறக்கின சான்ட்ரோவைத்தான் சொல்கிறேன். அடுத்த வருஷ டிசம்பரில் மாருதி இங்கே வேகன் ஆரைக் கொண்டுவந்தது. சான்ட்ரோ நின்று, திரும்ப வந்து, திரும்பவும் நின்றுவிட்டது. வேகன் ஆர் 2010இல் ஒருமுறை, 2019 ஜனவரியில் ஒருமுறை உடம்பை மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. 2022-23 தொடங்கி மூன்று நிதியாண்டுகளிலும் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் இதுதான், ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம். இத்தனை லட்சம் பேரும் அழகைப் பார்த்தா வாங்கியிருப்பார்கள்?

மற்ற வண்டிகளையும் மரியாதையாகவே பார்த்தோம். ஆல்டோ கே10 விலை குறைவு. இரண்டு பேர் போய்வர அருமையான வண்டி, ஆனால் டிக்கி 214 லிட்டர்தான். ஒரகடத்தில் செய்கிற ரெனோ க்விட், தரைக்கும் அடிவயிற்றுக்கும் 184 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கிறது. காட்டுப்பாதை உள்ளவர்களுக்கு அது நல்ல யோகம். செலேரியோ பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற வண்டி, ஆனால் தாழ்வு. ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸில் நான்கு சிலிண்டர். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அந்த வழுவழுப்பில் எனக்கு ஒரு நாள் முழுக்க மயக்கம் இருந்தது; நம் மாநிலத்தில் செய்த வண்டி என்கிற பாசம் வேறு. அதிலும் அத்தை எழும்ப முடியாமல் கை நீட்டினார். கதை முடிந்தது. டாடா டியாகோவைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதைப் போகிறபோக்கில் தள்ளிவிட்டால் நியாயமில்லை.

இப்போது டிக்கி. நான் ரொம்பப் பேசுகிற இடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள். 341 லிட்டர்! டியாகோவில் 242, நியோஸில் 260. இந்தக் கணக்கில் காரின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர்தான், நியோஸைவிடக் குட்டை. நீளம் குறைவாக இருந்தும் வயிறு பெரிதாக இருக்கிறதென்றால் அதுவும் உயரத்தின் புண்ணியம். எங்களுக்குத் தறிச்சேலை வியாபாரம். முன்பெல்லாம் பண்டலை லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நாங்கள் பின்னாலேயே பேருந்தில் போவோம். இப்போது டிக்கியில் பண்டலை நிற்கவைத்தே ஏற்றுகிறேன். மடங்குவதில்லை, மடிப்புக் கலைவதில்லை, மேலே சாப்பாட்டுத் தூக்குக்கும் இடம் இருக்கிறது. பின் இருக்கையை மடக்கினால் ஒரு கடைக்கான சரக்கே போய்விடும். பின்கதவின் வாய் அகலமாகவும் சதுரமாகவும் இருப்பதால் பண்டல் எங்கேயும் இடிக்காது. முதுகு சரிந்த கார்களில் டிக்கி லிட்டர் கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும், கதவின் வாய் குறுகலாக இருக்கும். பார்க்கப் போகும்போது ஒரு பண்டலையோ அரிசி மூட்டையையோ கையோடு கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஊருக்குள் ஓட்டுகிற சுகம் இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல! எங்கள் ஊரில் வாகனம் ஓட்டுவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோவிலைச் சுற்றி ரத வீதிகள், அதை ஒட்டிக் கடைகள், கடைக்கு முன்னால் தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்கு முன்னால் பைக், நடுவில் பூக்கூடையோடு குறுக்கே போகிறவர்கள். ஆடித் தபசு என்றால் கேட்கவே வேண்டாம், வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் மரியாதை. மற்ற நாட்களில் இந்த வண்டி புகுந்து வந்துவிடுகிறது. அகலம் 1,620 மில்லிமீட்டர், திரும்பும் வட்டத்தின் ஆரம் 4.7 மீட்டர். எங்கள் தெரு முக்கில் இருக்கிற மின்கம்பத்தை, பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்த்தான் தாண்டுவார்கள். நான் ஒரே வளைப்பில் வந்துவிடுகிறேன். அதைப் பார்க்க அங்கே யாராவது நிற்கமாட்டார்களா என்றுகூட இருக்கிறது.

உயரமாக உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகிற ஆட்டோவுக்கு மேலாகச் சாலை தெரிகிறது. கண்ணாடிகள் பெரிது, நேராக நிற்கின்றன. புதிதாக ஓட்டப் பழகுகிற பெண்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பேன். நான் முப்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். காரின் நான்கு மூலையும் எங்கே முடிகிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். இதில் மூலை மூலையாகவே தெரிகிறது, ஏனென்றால் வண்டியே பெட்டிதானே.

எஞ்சின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 67 குதிரைத்திறன். எண்ணைக் கேட்டால் சிறிதாக இருக்கும். ஆனால் வண்டியின் எடை எண்ணூற்றுச் சொச்சம் கிலோதான், எஞ்சினுக்கு இழுக்க அதிகம் இல்லை. தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி போகிற சாலையில் எழுபது எண்பதில் மூன்று பேரோடு போனால் மூச்சே விடாது. ஐந்து பேர், ஏசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை என்றால் இரண்டாம் கியரில் கொஞ்சம் கத்தும், கத்தினாலும் ஏறிவிடும். மலையேறுவதே வேலை என்பவர்கள் 1.2 லிட்டர் எஞ்சின் உள்ளதை எடுக்கலாம், அதில் 90 குதிரை. மைலேஜ் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. அதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கணக்கு. என் கையில் ஊருக்குள் 17, 18. நெடுஞ்சாலையில் 21, 22. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி விற்கிற காலத்தில் எனக்கு இது போதும்.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். உயரமும் எடைக்குறைவும் சேர்ந்தால் காற்றுக்குக் கொண்டாட்டம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எங்கள் பக்கத்தில் எத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்று பக்கவாட்டில் வந்து மோதும்போது வண்டி லேசாகத் தடம் மாறும். லாரி ஒன்று எதிரே கடந்து போனால் இன்னும் கொஞ்சம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து அறுபதில் போனால் ஒன்றும் இல்லை. நூறில் போகவேண்டும் என்கிறவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம்.

அவர்களுக்கு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன் ஆருக்கு, பெரியவர்கள் பாதுகாப்பில், ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. டியாகோ 2020இலேயே நான்கு நட்சத்திரம் வாங்கிவிட்டது. கொழுந்தன் இதைத்தான் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் சண்டை போட்டான், அவன் சொன்னதில் பிழையில்லை. 2025இல் எல்லா வேகன் ஆரிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, ஆனால் ஏர்பேக் கூடினதால் கூட்டின் வலு கூடிவிடாது. எங்கள் ஓட்டம் முழுக்க சந்தை, கோவில், ஆஸ்பத்திரி, கோவில்பட்டி, ராஜபாளையம் என்று மெதுவான சாலைகளில்தான், அதனால் நான் துணிந்தேன். வாரந்தோறும் நாற்கரச் சாலையில் மதுரை, திருச்சி, சென்னை என்று பறக்கிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டியாகோ எடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எதை எடுத்தாலும் பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போடவேண்டும். எங்கள் வீட்டில் அத்தை பெல்ட் போட்டு 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் நான் கியர் போடுவேன்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். அன்றைக்குத்தான் சிறு கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமும் மேல்வரியும் என்று இருந்தது 18 சதவீதமாக இறங்கியது. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கிற பெட்ரோல் கார்களுக்கு இது. வேகன் ஆரின் தொடக்க விலை 4,98,900 ரூபாய்க்கு வந்தது. இந்த எண்ணைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் சாலை வரி, ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், அதைத் தாண்டி பத்து லட்சம் வரை 13 சதவீதம். அடி மாடல் எல்எக்ஸ்ஐ கோட்டுக்குக் கீழே நூலிழையில் நிற்கிறது. அடுத்த விஎக்ஸ்ஐ கோட்டைத் தாண்டிவிடுகிறது. வரியிலேயே பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் விஎக்ஸ்ஐதான் எடுத்தோம். இந்த வெயிலில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

சிஎன்ஜி வேண்டுமா என்று கேட்டார்கள். கிலோவுக்கு 34 கிலோமீட்டர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த உருளை டிக்கியைத் தின்றுவிடும். சேலைப் பண்டலை மடியில் வைத்துக்கொண்டா போவது? வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. கிளட்ச் இல்லாத ஏஜிஎஸ் கியரும் விஎக்ஸ்ஐயில் உண்டு. ஓட்டுகிறவருக்கே முழங்கால் வலி என்றால் அதை எடுக்கலாம்.

ஷோரூமில் பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விலைச்சீட்டில் வண்டி விலைக்குக் கீழே என்னென்னவோ வரிசையாக வரும். வரியும் பதிவுக் கட்டணமும் மாறாது. இன்சூரன்ஸை அங்கேதான் எடுக்கவேண்டும் என்று சட்டமில்லை. வெளியே விலை கேட்டுக்கொண்டு போனாலே அவர்கள் விலை இறங்கும். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும், அது உச்சநீதிமன்ற உத்தரவு. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் சொந்த வண்டிக்கான காப்பீடு ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். அதில் பம்பர் டு பம்பர் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ரத வீதியில் ஓட்டிப் பழகுகிற காலத்துக்கு அது அவசியம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்று இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். நான் கேட்டேன், மேலாளர் பேனாவால் அடித்துவிட்டார். மிதியடி, சீட் கவர், கதவோரப் பட்டை எல்லாம் திருநெல்வேலி டவுனில் பாதி விலைக்கு வாங்கலாம்.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன்னால் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஒருநாளும் ராத்திரியில் பார்க்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் ஓர் ஓவல் வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3525 என்றால் 2025இன் 35ஆவது வாரம். விற்பனைச் சான்றில் வண்டி செய்த மாதமும் வருஷமும் இருக்கும். வருஷக் கடைசியில் வாங்குகிறவர்கள் அதை இரண்டு தடவை பார்க்கவேண்டும். ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். எல்லாக் கதவையும் கண்ணாடியையும் திறந்து மூடுங்கள். ஸ்டெப்னியைக் கழற்றிப் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்படாதீர்கள், நாம் கொடுப்பது நம் பணம்.

வாங்கின பிறகு பராமரிப்பு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ், அவ்வளவுதான். உத்தரவாதம் மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் இல்லை, செயின். இடையில் பெல்ட் மாற்றுகிற செலவு கிடையாது. எல்லாவற்றையும்விட எனக்குத் தெம்பு தருவது, ராஜபாளையத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் எந்த முக்கில் நின்றாலும் இந்த வண்டியின் வயிற்றைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்பதுதான். பதினைந்து வருஷம் ஓடின பழைய வேகன் ஆர்கள் எங்கள் ஊரில் இன்னும் சந்தைக்கு வந்துபோகின்றன. நம்பகம் என்பதற்கு நான் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். வாங்குவதற்கு முன்னால் டாக்சி ஸ்டாண்டில் நின்று டிரைவர் அண்ணாச்சிமாரிடம் கேட்டேன். எந்தக் காரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லாத ஒருவர்கூட இதற்கு, "ஆயில மாத்து, தண்ணியப் பாரு, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். அவர் வாயில் அது பாராட்டுப் பத்திரம்.

டிஎன் 79 என்று நம்பர் பலகை மாட்டி, கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சை புளியங்குடிப் பழம். ஏற்றி நசுக்கவே மனசு வரவில்லை, அவ்வளவு நல்ல காய். எங்கள் ஊர் எண் போட்ட வண்டியில் எங்கள் ஊர் வீதியிலேயே நான் ஓட்டிக்கொண்டு வந்தபோது, கடைக்குக் கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை பின்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தன் இப்போது அடிக்கடி, "மதினி, ஒரு சோலி இருக்கு, சாவியக் கொஞ்சம் குடுங்க" என்று வந்து நிற்கிறான். தீப்பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கார் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்தால், சரக்குப் போகாத நாளாகப் பார்த்து வாருங்கள். கழுகுமலை வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்கள், பெட்ரோல் என்னுடையது. ஆனால் பின் இருக்கையில் அத்தை இருப்பார். வண்டி எங்கே கிளம்பினாலும் அவரும் கிளம்பிவிடுகிறார், இறக்கிவிட முடியாது.